தடுப்பூசியை முதலில் எந்த உயிருக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்? கேள்வி பதில்

சுவாச வைரஸ் ஆய்வில் இருக்கும் கிருஷ்ணகிரிக்காரி நான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

பாலக்கோடு, கல்லூரி மாணவி: ஆய்வகம்னாலே வெள்ளெலிதானே மேடம்? கொரோனாவுக்கு ஏன் ஹாம்ஸ்டர்?

வைரஸ் செல்லுக்குள் நுழைய ஒரு ஏற்பி வேண்டும்மா, அதாவது செல்லின் மேல் வைரஸ் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம். முதலில் பரவிய கொரோனா வைரஸால் சாதாரண எலியின் ஏசிஇ2 ஏற்பியைப் பற்ற முடியவில்லை. நோயே வராத எலியில் தடுப்பூசி காத்ததா என்று எப்படிப் பார்ப்பது? அதனால் மனித ஏற்பியின் மரபணு சேர்த்த எலிகளையும், எலி மாதிரியே இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டரையும் எடுத்தார்கள். ஹாம்ஸ்டருக்கு நிமோனியா வரும், எடை இறங்கும், பிறகு தேறிவிடும். ஃப்ளூவுக்கு ஃபெரெட், பார்க்கக் கீரி மாதிரி இருக்கும். 1933இல் மனித ஃப்ளூ வைரஸைக் கண்டுபிடித்ததே அதை வைத்துத்தான். நம்மைப் போலவே தும்மும், பக்கத்துக் கூண்டுக்கும் பரப்பும்.

ஓசூர், கோழிப் பண்ணைக்காரர்: வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு விடுறோம். அதையும் எலியிலதான் பார்த்தாங்களா?

அதற்கு எலி தேவையில்லைங்கண்ணா. நோயும் கோழிக்கு, மருந்தும் கோழிக்கு. மருந்து கொடுத்த கோழிக்கும் கொடுக்காததுக்கும் வீரியமுள்ள வைரஸைச் செலுத்தி, எது பிழைக்கிறது என்று பார்த்துவிடலாம். மனிதக் குழந்தையிடம் அதைச் செய்ய முடியுமா?

அரூர், ஒரு தாய்: பாப்பாவுக்கு ஆர்எஸ்வின்னு சொன்னாங்க. இதுக்கு இத்தனை வருஷமா ஏன் தடுப்பூசி வரலை?

ஆர்எஸ்வி, குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஒரு சுவாச வைரஸ். இதற்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கும்மா. 1960களில் அமெரிக்காவில் ஃபார்மலின் என்ற வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்த ஆர்எஸ்வி தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். அடுத்து வைரஸ் பரவியபோது, ஒரு ஆய்வில் தடுப்பூசி போட்டுத் தொற்று வந்த 20 குழந்தைகளில் 16 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். ஊசி போடாத பிள்ளைகளுக்கு நோய் லேசாகவே இருந்தது. ஊசியால் உடம்பில் உருவான எதிர்பொருள்கள் (கிருமியை எதிர்க்கும் புரதங்கள்) வைரஸைத் தடுக்கத் திராணியற்றவை. அதோடு நுரையீரலில் அழற்சியும் கூடிவிட்டது.

பின்னாளில் பருத்தி எலி என்ற ஒரு வகை எலிக்கு அதே மாதிரித் தடுப்பூசியைப் போட்டு வைரஸைச் செலுத்தியபோது அதே கேட்டைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அதிலிருந்துதான், ஊசி காக்கிறதா என்பதோடு நோயை முற்ற வைக்கிறதா என்றும் விலங்கில் பார்க்கிறார்கள். கொரோனா தடுப்பூசிகளையும் இப்படிச் சோதித்துப் பார்த்தார்கள். என் வேலையில் நான் மிகவும் மதிக்கும் சோதனை இது. 2023இல் கர்ப்பிணிகளுக்கான ஆர்எஸ்வி தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தாயின் எதிர்பொருள் வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். பாப்பாவுக்கு மூச்சு வேகமாக இருந்தாலோ பால் குடிக்கத் திணறினாலோ உடனே டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

காவேரிப்பட்டணம்: குரங்குக்கு நல்லா வேலை செஞ்சா நேரா மக்களுக்குப் போடலாமே?

கூடாதுங்க. கோவாக்சினை 20 ரீசஸ் குரங்குகளில் பார்த்தார்கள். லட்சத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவு 20 குரங்கில் தெரியுமா? சர்க்கரை நோயுள்ள எழுபது வயதுப் பாட்டிக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரியாது.

பென்னாகரம்: வாயில்லா ஜீவனைக் கொல்றது பாவமில்லையா?

வலிக்கத்தான் செய்கிறது. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது. வேறு வழி இருந்தால் விலங்கு வேண்டாம், எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்பதுதான் விதி. 2023இல் இந்தியாவின் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, மனித செல்களை வைத்துச் செய்யும் சோதனைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் காய்ச்சல், மூச்சுத்திணறல், நோய் எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து நடக்கும் முழு உடம்பை அந்த செல்கள் இன்னும் காட்டுவதில்லை.