ஊரில் நூறு மூடை நெல்: இப்போது விற்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், தனியார் நிறுவனமொன்றில் வேலை. கிளிநொச்சியில் உள்ள எங்கள் வயலைத் தம்பி பார்க்கிறான். இந்தப் பெரும்போகத்தில் எங்கள் பங்காக 60 கிலோ மூடை நூறு, எல்லாம் நாட்டு நெல், வீட்டு அறையில் அடுக்கியிருக்கிறது. உழவுக்கும் உரத்துக்கும் நவம்பரில் என் நகையை 18 வீத வட்டிக்கு அடகு வைத்து 3 இலட்சம் எடுத்தேன். யாவாரி கிலோ 120 ரூபாவுக்குக் கேட்கிறார். தம்பி கொடுப்போம் என்கிறான். இங்கே கடையில் அரிசி விலையைப் பார்த்தால் எனக்கு மனம் வரவில்லை. எப்போது விற்பது?

பதில்: முதலில் அந்தக் கடை விலையை மறந்துவிடுங்கள். கொழும்பில் இருந்துகொண்டு ஊர் நெல்லுக்கு விலை வைக்கும் எல்லோருக்கும் இந்த மயக்கம் உண்டு. நூறு கிலோ நெல்லைக் குற்றினால் சுமார் 65 கிலோ அரிசிதான் வரும். நாட்டரிசிக்கு 2024 டிசம்பரில் அரசு வைத்த உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா. அந்தக் கணக்கில் நூறு கிலோ நெல் கடைசியில் 14,950 ரூபா பெறும், அதாவது நெல் கிலோவுக்கு 150 கூட இல்லை. தவிட்டுக் காசு கொஞ்சம் சேரும், சரி. ஆனால் அவிக்கிற செலவு, குற்றுகூலி, லொறி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை எல்லாம் இதற்குள்தான் பிழைக்க வேண்டும். அந்த உச்ச விலை இருக்கும்வரை நெல் விலைக்கும் ஒரு கூரை இருக்கிறது. 145 வரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

கீழ்ப்பக்கத்தில் ஒரு தரையும் உண்டு. 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த கொள்வனவு விலை நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132. ஆனால் அது ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போகாத நெல்லுக்கு. உங்கள் யாவாரி 120 கேட்கிறார் என்றால் எந்த ஈரத்துக்கு, எடையில் எத்தனை கிலோ கழித்து என்று தம்பியிடம் கேளுங்கள். வயலில் 20 வீத ஈரத்தோடு ஆயிரம் கிலோ அறுத்தால், 14க்குக் காய்ந்து முடிய 930 கிலோதான் மிஞ்சும். காய்ந்த நெல்லை ஈர நெல் விலைக்குக் கொடுத்தால் அந்த 70 கிலோவும் உங்கள் தலையில்.

இனி, காத்திருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை. நெல் அறையில் சும்மா கிடக்கிறது என்றுதான் தோன்றும். உங்கள் அடகு வட்டி மாதம் 4,500 ரூபா. நெல்லின் மொத்தப் பெறுமதி 7 இலட்சத்து 20,000. கடன் போக மிச்சத்தை நிலையான வைப்பில் 8 வீதத்துக்குப் போட்டால் மாதம் 2,800 வரும், அதுவும் இப்போது இல்லை. எலி, வண்டு, அந்துப்பூச்சி, உலர்வு என்று மாதம் அரை வீதம் குறைந்தாலும் 3,600. கூட்டிப் பாருங்கள், மாதம் 10,900. கிலோவுக்கு 1 ரூபா 80 சதத்துக்குச் சற்று மேல். மூன்று மாதம் வைத்திருந்து 125 ரூபாவுக்கு விற்றால், உண்மையில் நீங்கள் நட்டத்தில்தான் விற்றிருக்கிறீர்கள்.

ஆகவே நகையை முதலில் மீட்டு விடுங்கள். ஆறு மாத வட்டியோடு 3 இலட்சத்து 27,000. இதற்கு 46 மூடை போதும். 18 வீத வட்டியை நெல் விலை துரத்திப் பிடிப்பது எப்போதாவதுதான் நடக்கும். 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்த பிறகு விளைச்சல் விழுந்து விலை எகிறியது, அப்போது வைத்திருந்தவர்கள் சம்பாதித்தார்கள். அது மறுபடி வரும் என்று நம்பி நகையை அடகில் விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பத்து மூடையை வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கினால் மிச்சம் 44. இதில்தான் உங்கள் விருப்பத்துக்கு இடமிருக்கிறது. கடன் இல்லாததால் வைத்திருக்கும் செலவு இப்போது கிலோவுக்கு மாதம் 1 ரூபா 40 சதமாக இறங்கிவிடும். ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோக நெல் பொலன்னறுவையிலும் அம்பாறையிலும் இருந்து ஆலைகளுக்குள் வந்து குவியும். அதனால் பாதியை ஜூலை நடுப்பகுதிக்குள் தள்ளிவிடுங்கள், விலை 126 போனாலும் போகாவிட்டாலும். மற்றப் பாதியை நவம்பர், டிசம்பர் வரை வைக்கலாம். பழைய நெல் தீர்ந்து புதியது வராத அந்த இடைவெளியில்தான் வழக்கமாக விலை ஏறும். இறக்குமதிக்கு அனுமதி கொடுப்பதும் அதே காலத்தில்தான், 2024 டிசம்பரில் நடந்தது அதுதான். அதனால் இந்த 22 மூடையை, விலை விழுந்தாலும் தாங்கும் காசு என்று நினைத்து மட்டும் வையுங்கள்.

அதுவும் அறை நல்லதாக இருந்தால்தான். ஒக்டோபரில் மழை தொடங்கினால் வடக்கில் சுவர் கசியும். மூடைகள் பலகைமேல், சுவரை விட்டுத் தள்ளி இருக்கின்றனவா என்று ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். நடு மூடைக்குள் கையை விட்டால் சூடு தெரியக் கூடாது. ஒரு நெல்லைப் பல்லில் வைத்தால் நசுங்காமல் டக்கென்று முறிய வேண்டும். சூடோ பூஞ்சண வாசமோ வந்தால், என் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அந்தக் கிழமையே விற்றுவிடுங்கள்.

விலையைத் தெரிந்துகொள்ள யாவாரி சொல்வதையும் கடைப் பலகையையும் மட்டும் நம்ப வேண்டாம். மத்திய வங்கி நாளாந்தம் வெளியிடும் விலை அறிக்கையில் மரதகஹமுல, புறக்கோட்டை அரிசி மொத்த விலைகள் இருக்கும். அங்கே மொத்த விலை இரண்டு கிழமை தொடர்ந்து இறங்கினால் ஆலைக்காரர் நெல் விலையையும் குறைக்கப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், தம்பி. மூடையைத் திருப்பி அடுக்குவதும் எலிக்குக் காவல் இருப்பதும் அவர். அவர் விற்போம் என்பதில் அந்தக் களைப்பும் இருக்கும். டிசம்பர் வரை வைக்கச் சொல்வது நீங்கள் என்றால், 22 மூடைக்கும் மாதம் ஒரு தொகை பேசி அவருக்குக் கொடுங்கள். அதையும் மேலே உள்ள 1 ரூபா 40 சதத்தோடு கூட்டிப் பார்த்துவிட்டு, வைக்கிறீர்களா என்று முடிவெடுங்கள்.