மருந்து பூசிய டைட்டானியம் கம்பிக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: எலும்பு பலவீனமானவர்களுக்காக, மேலே மருந்து பூசிய டைட்டானியம் இம்பிளாண்ட் வந்திருப்பதாகப் படித்தேன். அம்மாவுக்கு 71 வயது. நேற்று விழுந்ததில் தொடை எலும்பு இடுப்புக்குப் பக்கத்தில் உடைந்துவிட்டது. கம்பி வைக்க வேண்டும் என்கிறார்கள். சாதாரணக் கம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பூச்சு உள்ளதைத் தேடலாமா?

பதில்: தேட வேண்டாம். முதலில் ஆபரேஷன் நடக்கட்டும். இந்த வயதில் இடுப்பருகே எலும்பு உடைந்தால், உடல்நிலை இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவை முடிந்துவிடுவது நல்லது. படுக்கையில் போகிற ஒவ்வொரு நாளும் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். எந்தப் பூச்சும் அந்த நாட்களைத் திருப்பித் தராது. மீதியை அம்மா வார்டுக்குத் திரும்பிய பிறகு நிதானமாகப் படியுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. காரைக்குடிக்காரி. டைட்டானியத்தின் மேல் பூச்சு ஏற்றுவதைப் பற்றி ஆறு வருடம் ஆய்வு மாணவியாக வேலை பார்த்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்ட ஊர் இது. மின்வேதியியல் என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்தே காதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படித்தான் எனக்கும் அந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது. நான் ஆய்வில் இருந்த அதே காலத்தில்தான் எங்கள் அப்பத்தாவின் தொடைக்குள் வைத்த ஸ்க்ரூ நழுவியது. பகலில் ஆய்வுக்கூடம், இரவில் அப்பத்தா கட்டிலருகே என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

அப்பத்தாவுக்கு அப்போது 78. ஐப்பசி மழை. வளவு முற்றத்தில் சாரல் அடித்து ஆத்தங்குடித் தரைக்கல் நனைந்திருந்தது. காயப்போட்ட வடகத்தட்டை எடுக்கப் போனவர் வழுக்கி விழுந்தார். உங்கள் அம்மாவுக்கு உடைந்த அதே இடம். மறுநாளே கம்பியும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். நாலாம் நாள் வாக்கர் பிடித்து நின்றார். எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. ஒன்பதாவது வாரம் மறுபடி வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், தொடை எலும்பின் தலைக்குள் இருக்க வேண்டிய ஸ்க்ரூ, தலையைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறியிருந்தது. மறுபடி அறுத்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இடுப்பு மூட்டின் ஒரு பாதியை எலும்புச் சிமெண்ட் வைத்துச் செயற்கையாக மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த ஸ்க்ரூவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து மேசை விளக்கில் வைத்துப் பார்த்தேன். வளையவில்லை, உடையவில்லை, மரை தேயவில்லை. அது பற்றியிருந்த எலும்புதான் கைவிட்டிருந்தது. எங்கள் பழைய வீட்டுக்கு வேலைக்கு வரும் ஆசாரியிடம் இதைச் சொன்னபோது, "உளுத்த கட்டையில எந்த ஆணி நிக்கும்?" என்றார். நான் வருடக்கணக்கில் படித்த பாடம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

எலும்பு ஒருமுறை கட்டி முடித்துவிட்ட சுவர் இல்லை. அரிக்கிற செல்களும் கட்டுகிற செல்களும் ஆயுள் முழுக்க அதில் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அரிப்பு முந்திக்கொள்கிறது, கட்டுமானம் பின்தங்குகிறது. தொடை எலும்பின் தலைக்குள் தேனடை போல இருக்கும் சல்லடைச் சுவர்கள் மெலிந்து, சில இடங்களில் அறுந்தே போகின்றன. இதற்குப் பெயர் எலும்புப்புரை. நம் பக்கம் மூட்டுவலியையும் இதையும் சேர்த்து 'எலும்பு தேய்மானம்' என்றே சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. மூட்டில் தேய்வது குருத்தெலும்பு, அது வலிக்கும். எலும்புப்புரை பெரும்பாலும் வலிக்காது, உடைகிற அன்றுதான் தெரியவரும். ஒரே பெயரில் அழைப்பதால், "தேய்மானத்துக்குத்தான் தைலம் தேய்க்கிறோமே" என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

டைட்டானியத்தின் மேல் எலும்பு நேராக ஒட்டி வளரும் என்பதை சுவீடனில் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் 1952-ல் முயல்களின் காலில் தற்செயலாகக் கண்டார். உள்ளே வைத்த டைட்டானியக் கருவியைத் திருப்பி எடுக்க முடியாதபடி எலும்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டதுமே அந்த உலோகத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடுத் தோல் படிந்துவிடுகிறது. உடம்பு முறைத்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொள்வது அந்தத் தோலைத்தான். ஆனால் ஒட்டி வளர வேண்டியது எலும்பு. கட்டுகிற செல்களே சோர்ந்து போன எலும்பில், அந்த வளர்ச்சி மெதுவாகவும் குறைவாகவும் நடக்கிறது. இன்னொன்றும் உண்டு. டைட்டானியம் எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பானது. பாரத்தை அது தூக்கிக்கொண்டால் பக்கத்து எலும்புக்கு வேலை குறைகிறது, வேலை இல்லாத எலும்பு இன்னும் மெலிகிறது.

இங்கேதான் பூச்சு வருகிறது. 'பூச்சு' என்று ஒரே சொல்லில் சொன்னாலும், அதில் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதும் இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருப்பதும் கலந்து கிடக்கின்றன.

ஹைட்ராக்சி அபடைட் பூச்சு புதிதல்ல. எலும்பில் இருக்கும் அதே கால்சியம் பாஸ்பேட் தாதுதான் அது. இடுப்பு மூட்டு மாற்றும் தண்டுகளில் 1980-களிலிருந்தே அதைப் பூசுகிறார்கள். அமெரிக்காவில் லாரி ஹென்ச் 1969-ல் உருவாக்கிய உயிர்வினைக் கண்ணாடி இன்னொரு வகை. உடம்புத் திரவம் பட்டதும் அதன் மேற்பரப்பு கரைந்து, எலும்புத் தாது போன்ற படலமாக மாறும். இவை இரண்டும் எலும்பை 'வா' என்று அழைக்கின்றன. அரிக்கிற செல்லை 'நில்' என்று சொல்ல மருந்து வேண்டும்.

அந்த மருந்துகளில் முக்கியமானவை பிஸ்பாஸ்பனேட்டுகள். அந்தக் குடும்பத்து அலெண்ட்ரோனேட் மாத்திரையை எழுதிக் கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்வார்கள். அவ்வளவு பாடுபட்டும் உடம்பில் சேர்வது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சேர்ந்தது நேராகக் கால்சியத்தைப் போய்ப் பற்றிக்கொள்ளும். இந்தக் குணம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஆசை காட்டியது. அபடைட் பூச்சிலும் கால்சியம் இருக்கிறது, அங்கேயும் பற்றும். அப்படியானால் ஸ்க்ரூவைச் சுற்றி எந்த ஒரு மில்லிமீட்டரில் எலும்பு தேவையோ, அங்கேயே மருந்தை வைத்துவிடலாமே. ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் கதையும் இதே மாதிரி. எலும்புப்புரைக்கு அதை மருந்துத் தூளாகக் குடித்தவர்களுக்கு இதய ஆபத்து கூடுவதாகத் தெரிந்ததும் கட்டுப்பாடு வந்து, கடைசியில் அதை உருவாக்கிய நிறுவனமே உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனால் கொஞ்சமே கொஞ்சம் ஸ்ட்ரான்சியத்தைப் பூச்சுக்குள் வைத்தால் ரத்தத்தில் பெரிதாகக் கலக்காது என்ற நம்பிக்கையில் ஆய்வுகள் தொடர்கின்றன.

என் வேலை நானோ குழாய்களில். டைட்டானியத் தகட்டைப் புளூரைடு கலந்த கரைசலில் நேர்மின்வாயாக மாட்டி, 20 வோல்ட் கொடுத்தால், ஆக்சைடு ஒரு பக்கம் வளர்ந்துகொண்டே இன்னொரு பக்கம் கரையும். அந்த இழுபறியில் குழாய் குழாயாக, தேனடை அறைகளைப் போல ஒழுங்காக நின்றுவிடும். 80 நானோமீட்டர் அகலக் குழாய் என்றால், ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரம் குழாய்களை வரிசையாக நிறுத்தலாம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் முதல்முறை அதைப் பார்த்த நாள் எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஒவ்வொரு குழாயும் மருந்து வைக்க ஒரு டப்பா.

டப்பா சரி, மூடி எங்கே? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். உப்புத் திரவத்தில் போட்டதும் முதல் நாளிலேயே மருந்தில் பெரும்பங்கு வெளியே கொட்டிவிடும். எலும்பு கூடுவதற்கோ ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வேண்டும். மேலே பாலிமர் படலம் போட்டு மூடினால் கசிவு மெதுவாகும், ஆனால் டைட்டானியத்தின் முகமே எலும்புக்குத் தெரியாமல் போகும். மருந்தைக் கூட்டினாலும் ஆபத்து. பிஸ்பாஸ்பனேட் ஒரே இடத்தில் அதிகமாகச் சேர்ந்தால் அரிக்கிற செல்லோடு கட்டுகிற செல்லையும் முடக்கிவிடும்.

அப்புறம் பூச்சு உரியாமல் நிற்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய பூச்சு, கண்ணாடி மாதிரி. நூறு வருடம் நிற்கிறதென்றால் அது மேல் பூச்சின் புண்ணியம் மட்டுமல்ல. கொத்தனார் அடிப்பூச்சைச் சொரசொரப்பாக விட்டுவைத்து, ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததைக் கவ்வும்படி செய்திருக்கிறார். அவசரத்தில் வழவழப்பான அடியின் மேல் பூசியது ஏடு ஏடாகக் கழன்றுவிடும். இம்பிளாண்டிலும் அதே கதைதான், ஆனால் சோதனை இன்னும் கடுமை. அறுவை அறையில் கம்பியைச் சுத்தியலால் தட்டி இறக்குகிறார்கள், ஸ்க்ரூவை எலும்பை உரசிக்கொண்டே முறுக்குகிறார்கள். கழன்ற துகள் உள்ளே சுற்றினால் பூச்சே இல்லாததைவிட மோசம். அதற்கும் முன்னால் கிருமி நீக்கம் இருக்கிறது. உலோகம் எந்தச் சூட்டையும் கதிர்வீச்சையும் தாங்கும், மேலே இருக்கும் மருந்து தாங்க வேண்டுமே.

மனிதர்களை எட்டியவையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த எலும்புச் சிமெண்ட் 1970-களிலிருந்து இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்புக்காக ஜென்டாமைசின் பூசிய கம்பி ஐரோப்பாவில் புழக்கத்தில் வந்தது. இவை இரண்டும் கிருமிக்கு எதிரானவை, எலும்புப்புரைக்கு அல்ல. பிஸ்பாஸ்பனேட் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தந்தது, 2012-ல் சுவீடனில் அஸ்பென்பெர்க் குழு வெளியிட்ட பல் இம்பிளாண்ட் ஆய்வு. 16 பேர், ஒவ்வொருவர் வாயிலும் பூச்சு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. ஆறு மாதம் கழித்துப் பூச்சு உள்ளது கூடுதல் உறுதியாக நின்றது. நல்ல சேதிதான். ஆனால் தாடையில் ஒரு பல் வேறு, நடக்கும்போது முழு உடம்புப் பாரம் விழும் இடுப்பு வேறு. எலியிலும் முயலிலும் வந்த நல்ல முடிவுகளை மட்டும் வைத்து உங்கள் அம்மாவுக்கு எதையும் கேட்டு வாங்க முடியாது.

சரி, இப்போது உங்கள் கையில் இருப்பதற்கு வருகிறேன். நாங்கள் ஸ்க்ரூவின் மேல் பூச முயன்ற மருந்தின் அதே குடும்பம், ஊசியாக ஏற்கெனவே கிடைக்கிறது. சோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம், வருடத்துக்கு ஒருமுறை, டிரிப்ஸ் மாதிரி ஏற்றுவார்கள். இடுப்பு எலும்பு உடைந்து அறுவை செய்துகொண்ட 2127 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007-ல் வந்தது. அறுவைக்குப் பின் 90 நாட்களுக்குள் இந்த ஊசியைத் தொடங்கியவர்களுக்கு, மருந்து இல்லாத ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால், புதிய முறிவுகள் 35 விழுக்காடு குறைந்தன. இறப்பும் 28 விழுக்காடு குறைந்தது.

எங்கள் அப்பத்தாவுக்கு முதல் அறுவையின்போது யாரும் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு மாதத்துக்குக் கால்சியம் மாத்திரை, அவ்வளவுதான். எலும்பைப் பற்றியே படித்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை. கம்பி என்ன கம்பெனி, டைட்டானியமா ஸ்டீலா என்றுதான் கேட்டேன். ஊசி போட்டிருந்தால் அந்த ஸ்க்ரூ நழுவியிருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. ஸ்க்ரூ எந்த இடத்தில் உட்கார்ந்தது என்பதும் அதற்குக் காரணமாகலாம். இரண்டாவது அறுவைக்குப் பிறகு மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 3.4 வந்தது. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை. ஊசி போட வேண்டும் என்றபோது அப்பத்தா, "ஆத்தா, அதான் கம்பியெல்லாம் வச்சாச்சே, இனி என்னத்துக்கு மருந்து?" என்றார். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசாரி சொன்னதைச் சொன்னேன். கையை நீட்டினார்.

உங்கள் அம்மாவுக்கு ஸ்கேன் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. நின்ற உயரத்திலிருந்து சாதாரணமாக விழுந்து இந்த இடம் உடைந்தாலே பெரும்பாலும் அது எலும்புப்புரை என்றுதான் மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அறுவை செய்யும் மருத்துவரிடம் ஊசியைப் பற்றி நேராகக் கேளுங்கள். வழக்கமாக அறுவை முடிந்து இரண்டு வாரமாவது கழித்துத்தான் போடுவார்கள். அதற்குள் ரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் வைட்டமின் டி-யும் பார்த்துவிடட்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இந்த ஊசி கூடாது, வேறு மருந்து பார்ப்பார்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதை நிரப்பிய பிறகுதான் ஊசி. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பயப்பட வேண்டாம். அப்பத்தாவுக்கும் வந்தது, ரசம் சாதத்தோடு போய்விட்டது.

டெக்ஸா அறிக்கை கையில் வந்து, அதிலிருக்கும் எண்கள் புரியவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை படித்துச் சொல்கிறேன்.