பூக்க மறுக்கும் கலஞ்சோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சதைப்பற்றுச் செடிகளைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கலஞ்சோவைப் பற்றியே இருந்ததால், இப்பகுதி முழுவதையும் அச்செடிக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால், அக்கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே கேள்வியாகத் தந்திருக்கிறோம்.

கேள்வி: கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூக்களோடு இருந்த கலஞ்சோ ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். அந்தப் பூக்கள் உதிர்ந்த பிறகு இன்றுவரை ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. இலைகளோ தடித்து, கரும்பச்சையாகப் பளபளக்கின்றன. வரவேற்பறைச் சன்னலை ஒட்டி, நல்ல வெளிச்சத்தில்தான் வைத்திருக்கிறேன். பூப்பதற்கென்று விற்கும் உரத்தையும் தவறாமல் இடுகிறேன். என்ன குறை?

பதில்: இலைகளை நீங்கள் வர்ணித்திருக்கும் விதத்திலிருந்தே செடி நல்ல உடல்நலத்தோடு இருப்பது தெரிகிறது. குறை இருப்பது அதன் இரவில். கலஞ்சோ குறும்பகல் தாவர வகையைச் சேர்ந்தது. பகல் சுருங்கி, இடையில் வெளிச்சமே படாத நீண்ட இரவு பல நாட்கள் தொடர்ந்து கிடைத்தால்தான் அதன் நுனிகள் இலை விடுவதை நிறுத்திவிட்டு மொட்டு வைக்கத் தொடங்கும். வரவேற்பறையில் இரவு பத்து, பதினொரு மணிவரை விளக்கு எரிகிறது என்றால், அந்தச் செடிக்குப் பகல் அதுவரை நீள்கிறது. ஆண்டு முழுவதும் அதற்குப் பூப்பருவமே வருவதில்லை.

பகலின் நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள இத்தொடர்பை, அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், ஆலர்ட் என்னும் இருவர் புகையிலை, சோயா போன்ற பயிர்களில் ஆராய்ந்து 1920ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். செடிகள் உண்மையில் அளப்பது பகலை அன்று, இடையறாத இருளையே என்பது அதற்குப் பிந்தைய ஆய்வுகளில் தெளிவாயிற்று. இலைகளில் உள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி ஒளியை, குறிப்பாகச் சிவப்பொளியை, உணர்ந்து செடிக்குத் தெரிவிக்கிறது. நள்ளிரவில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலும் அந்த நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவுகளாக முறிந்துவிடும். இருளை உணர்வது மொட்டு வரவேண்டிய நுனி என்று பலர் நினைக்கக்கூடும். ஆனால் அந்த வேலையைச் செய்பவை முதிர்ந்த இலைகள். இலைகள் மிகக் குறைவாக உள்ள இளஞ்செடியை இருட்டில் வைத்துப் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இனிச் செய்யவேண்டியது இது. மாலை ஐந்து மணிக்குச் செடியை ஓர் அட்டைப்பெட்டியால் மூடிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்குத் திறந்துவிடுங்கள். பதினான்கு மணிநேர இருள், பத்து மணிநேரப் பகல் என்ற இந்த ஒழுங்கை ஆறு வாரங்கள் விடாமல் கடைப்பிடிக்கவேண்டும். பெட்டியின் மூலைகளிலோ, கைப்பிடித் துளைகளிலோ வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்து அடைத்துவிடுங்கள். இரவில் யாரும் புழங்காத, விளக்குப் போடாத அறை இருந்தால் பெட்டியும் தேவையில்லை, அங்கே கொண்டுபோய் வைத்தால் போதும். மறதியாக ஓரிரு நாள் விட்டுப்போனால் பெரும் இழப்பு ஒன்றும் இல்லை, அத்தனை நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வாரத்தில் பாதி நாள் மட்டும் மூடுவது வீண் உழைப்பு.

பலர் தவறுவது பகல் பொழுதில்தான். இருள் என்பது மொட்டு வைப்பதற்கான குறிப்பு மட்டுமே. அந்த மொட்டைக் கட்டி வளர்க்கும் உணவைச் செடி பகல் வெளிச்சத்தில்தான் தயாரித்தாக வேண்டும். ஆகவே பெட்டியைத் திறந்ததும் செடியை மிக வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். காலை வெயில் நேராகப் படுமானால் இன்னும் நல்லது. இந்த ஆறு வாரங்களில் தண்ணீரைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள், உரத்தை அடியோடு நிறுத்திவிடுங்கள். மற்றொன்று வெப்பம். இரவிலும் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே நின்றால் மொட்டுகள் தாமதமாகும், சில சமயம் வராமலே போகும். மூடிய பெட்டி வெயில் பட்டுச் சூடாகும் இடத்தில் இருக்கக்கூடாது என்பதற்கும், இம்முயற்சியைக் கடுங்கோடையில் தொடங்கவேண்டாம் என்பதற்கும் காரணம் இதுதான்.

நுனி இலைகளுக்கு நடுவே கடுகளவில் பச்சை மணிகள் திரண்டு நிற்பதைக் கண்டதும் மூடுவதை நிறுத்திவிடலாம். அதன்பின் செடி எந்த வெளிச்சத்தில் இருந்தாலும் மொட்டுகள் தம்போக்கில் வளரும். முதல் நாள் மூடியதிலிருந்து கணக்கிட்டால், பூ விரிய ஏறத்தாழ பத்து முதல் பதின்மூன்று வாரங்கள் ஆகலாம். விற்பனைக்காக வளர்ப்பவர்கள் இதே வேலையைக் கறுப்புத் துணியையும் மின்விளக்கையும் கொண்டு பெரிய அளவில் செய்வதால்தான் ஆண்டின் எந்த மாதத்திலும் பூத்த கலஞ்சோ விற்பனைக்கு வருகிறது. உரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்த உரமும் நீண்ட இரவுக்கு ஈடாகாது. தழைச்சத்து மிகுந்த உரமாக இருந்தால் நீங்கள் சொல்லும் அந்தக் கரும்பச்சை இலைகளை மேலும் பெருக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கலஞ்சோவின் அடி இலைகள் மஞ்சளாகி, தொட்டால் நீர் கோத்ததுபோல் கொழகொழவென்று கழன்று விழுகின்றன. வாரத்துக்கு இருமுறை தண்ணீர் ஊற்றுகிறோம். தண்ணீர் போதவில்லையா, கூடிவிட்டதா என்று புரியவில்லை.

பதில்: கூடிவிட்டது. தாகத்தில் இருக்கும் கலஞ்சோ இலை மெலிந்து, துவண்டு, விரலால் மடக்கினால் வளையும். நிறம் பெரிதாக மாறாது. நீங்கள் சொல்வதுபோல் மஞ்சளித்து, கண்ணாடித்தன்மை பெற்றுக் கூழாவது வேர்கள் மூச்சுமுட்டி அழுகுவதன் அடையாளம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வேர் அழுகிய செடியும் நீரை உறிஞ்ச முடியாமல் வாடித் துவளும். அதைத் தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றுவதால்தான் பல செடிகள் சாகின்றன. இலை துவண்டிருந்தால் ஊற்றுவதற்கு முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டிருந்தால் கோளாறு வேரில்தான்.

வாரத்துக்கு இத்தனை முறை என்னும் கணக்கையே கைவிட்டுவிடுங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டு, அங்கேயும் உலர்ந்திருந்தால் மட்டும், தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை நிறைய ஊற்றி, அடித்தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடவேண்டும். இச்செடியின் தாயகம் மடகாஸ்கர். ஈரக்காலத்தில் நீரைத் தடித்த இலைகளில் சேமித்துக்கொண்டு வறண்ட மாதங்களைக் கடத்தும் இயல்புடையது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்குகையில், கலஞ்சோ அடங்கியுள்ள கிராசுலேசியே குடும்பத்துச் செடிகளால், நீரிழப்பு குறைவாக உள்ள இரவில் துளைகளைத் திறந்து, உள்வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் பயன்படுத்திக்கொள்ள முடியும். இத்தனை சிக்கனமான செடிக்கு நாம் காட்டும் தாராளம் கேடாகவே முடிகிறது.

இப்போதைக்குச் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, பழுப்பேறிக் கொழகொழத்த வேர்களை வெட்டிவிட்டு, ஓரிரு நாள் நிழலில் உலரவிட்டு, புதுக் கலவையில் நடுங்கள். சாதாரணத் தொட்டி மண்ணோடு பருமணலோ, பெர்லைட் என்னும் எடை குறைந்த வெள்ளைப் பாறைத் துகளோ பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்தால் நீர் தேங்காது. வெறும் தென்னை நார்த்தூளில் நட்டு விற்கப்படும் செடிகளில் கவனம் தேவை. அது மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், முற்றிலும் காய்ந்துபோனாலோ ஊற்றும் நீரை ஏற்காமல் ஓரமாக வழியவிட்டுவிடும். தண்டின் அடிப்பகுதியே கறுத்து மெத்தென்று ஆகியிருந்தால் அச்செடியைக் காப்பாற்ற முயலாமல், நலமான நுனிகளை வெட்டித் துண்டுகளாக நட்டுவிடுவது மேல்.

கேள்வி: இலைகளின் விளிம்பு சிவந்துவருகிறது. நோயா?

பதில்: இல்லை. கூடுதல் வெயிலும் குளிரும் இவ்வாறு சிவக்கச் செய்யும், சிலருக்கு அந்த நிறம் பிடிக்கவும் செய்யும். சிவப்போடு காய்ந்த பழுப்புத் திட்டுகளும் தோன்றினால் மட்டும் உச்சி வெயிலிலிருந்து நகர்த்துங்கள். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரும் இரவுகளில் செடியை உள்ளே எடுத்துவிடுவது அவசியம்.

கேள்வி: நன்றாகப் பூத்த செடியைச் சாப்பாட்டு மேசை மேல் அழகுக்காக வைத்தேன். நான்கே நாளில் பூக்கள் எல்லாம் குவிந்து மூடிக்கொண்டு, பிறகு விரியவே இல்லை. தண்ணீர், வெளிச்சம் எதிலும் மாற்றமில்லை.

பதில்: மேசையில் பழத்தட்டு இருந்ததா என்று பாருங்கள். வாழை, ஆப்பிள், தக்காளி ஆகியவை பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. கலஞ்சோ பூக்கள் அதைத் தாங்குவதில்லை. மிகக் குறைந்த அளவே இருந்தாலும் இதழ்கள் குவிந்து, நிறம் மங்கி, காயத் தொடங்கிவிடும். மூடியவை மீளா. மீதமுள்ள மொட்டுகளையாவது காப்பாற்ற, செடியைக் காற்றோட்டமான வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இதையும் பூக்களின் அன்றாட அசைவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான்கிதழ்க் கலஞ்சோப் பூ இரவில் சற்றே குவிந்து காலையில் மறுபடி விரிவது இயல்பு, அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை.

கேள்வி: வீட்டில் பூனை வளர்க்கிறோம். கலஞ்சோ நஞ்சுடையது என்கிறார்கள். உண்மையா? ரணகள்ளியும் இதே இனம்தானே?

பதில்: இரண்டும் உண்மை. பேரினம் ஒன்று, சிற்றினங்கள் வேறு; ரணகள்ளி இலையின் விளிம்பிலேயே குட்டிச் செடிகளைத் தோற்றுவிக்கும், நாம் பேசும் பூங்கலஞ்சோவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இப்பேரினத்தைச் சேர்ந்த பல செடிகளில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் பியூஃபாடையனோலைடு என்னும் சேர்மங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் காட்டுச்செடியாகப் பரவிவிட்ட இதன் உறவினச் செடிகளை மேய்ந்து மாடுகள் இறந்திருக்கின்றன. பூக்களில் நச்சு மிகுதி என்பதால் பூக்கும் காலத்தில் அபாயம் கூடுதல். பூனையோ நாயோ சிறிது கடித்தால் பெரும்பாலும் வாந்தி, வயிற்றுப்போக்கோடு நிற்கும் என்றாலும், சோர்வு, தள்ளாட்டம், துடிப்பில் மாறுபாடு ஆகியவை தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். எந்தச் செடியைத் தின்றது என்று காட்ட ஒரு கிளையையும் எடுத்துப்போவது உதவும். செடியைத் தொடுவதால் தீங்கில்லை. இலைகளைக் கடிக்கும் பழக்கமுள்ள விலங்கு வீட்டில் இருந்தால், உயரத்தில் வைப்பதை நம்பாமல் வேறு செடியைத் தேர்ந்தெடுக்கவே நான் சொல்வேன். பூனைக்கு எட்டாத உயரம் என்று எதுவும் இல்லை.

கேள்வி: இலைக்காம்புகளின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் ஏதோ ஒட்டியிருக்கிறது.

பதில்: மாவுப்பூச்சி. சாறுறிஞ்சும் பூச்சி என்பதால் தாமதம் வேண்டாம். கைகழுவப் பயன்படும் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் துடைத்து, வாரம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். முட்டைகளிலிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். எண்ணெயோ சோப்புக் கரைசலோ தெளிப்பதானால் முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பொறுத்திருங்கள், ஏனெனில் இந்த இலைகள் அவற்றால் கருகுவதுண்டு. இலைமேல் மாவு தூவியதுபோல் பரந்து படர்ந்திருந்தால் அது பூச்சி அன்று, சாம்பல் நோய். அதற்கு இடைவெளியும் காற்றோட்டமும் தேவை.

கேள்வி: பூத்து முடிந்த செடியை என்ன செய்வது? அதிலிருந்து புதுச் செடிகள் உண்டாக்க முடியுமா?

பதில்: ஒருமுறை பூத்ததும் தூக்கியெறிவதற்கென்றே விற்கப்படுவதுபோல் தோன்றினாலும், கலஞ்சோ பல ஆண்டுகள் வாழும் செடி. வாடிய பூங்கொத்தை, அதன் காம்போடு சேர்த்து, கீழுள்ள முதல் நலமான இலைச்சோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தச் சோடியின் கணுக்களிலிருந்து இரு கிளைகள் புறப்படும். நீண்டு நெளிந்த கிளைகளையும் இதே சமயம் குறைத்துவிடலாம், வெட்டியவையே நாற்றாகும்.

நான்கைந்து அங்குல நீளமுள்ள பூவற்ற நுனிகளை எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் கிடத்திவையுங்கள். ஈர வெட்டை அப்படியே நட்டால் அழுகும். பிறகு மணல் கலந்த மண்ணில் ஊன்றி, மண் மெல்லிய ஈரத்தோடு இருக்கும்படி பார்த்துக்கொண்டால், இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடித்துவிடும்; மெல்ல இழுத்துப் பார்த்தால் எதிர்ப்பு தெரியும். புதிய இலைகள் வரத் தொடங்கியதும் நுனியை ஒருமுறை கிள்ளிவிடுங்கள். கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்து ஒரே கொத்தோடு நின்றுவிடும். கிள்ளியதோ நான்கைந்து கிளைகளாகப் பிரிந்து கிளைக்கொரு கொத்து வைக்கும். அக்கிளைகளில் மூன்று நான்கு சோடி இலைகள் முழு அளவுக்கு வளர்ந்த பிறகே முதல் பதிலில் சொன்ன பதினான்கு மணிநேர இருளைத் தொடங்கவேண்டும்.