ஊட்டிக் குளிருக்கு வீட்டை எப்படி ரெடி பண்றது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வீட்டுக்காரருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி கோயமுத்தூர்ல இருந்து ஊட்டிக்கு வந்துட்டோம். காந்தல் பக்கம் வாடகை வீடு, தகர ஷீட் கூரை, சிமெண்ட் தரை. டிசம்பர்ல தாங்க முடியாதுன்னு அக்கம்பக்கத்துல பயமுறுத்துறாங்க. ரெண்டு சின்னக் குழந்தைங்க வேற. இப்பவே என்னென்ன பண்ணி வைக்கணும்?

பதில்: பயமுறுத்தலைங்க, உள்ளதைத்தான் சொல்றாங்க. ஊட்டியே 2240 மீட்டர் உயரம், அதுலயும் காந்தல், தலைக்குந்தா மாதிரி இடத்துல குளிர் ஒரு பிடி கூடத்தான் இருக்கும். குளிர்ந்த காத்து கனமானது, ராத்திரி சரிவுல இறங்கி வந்து பள்ளத்துல தங்கிடும், அதனால மேட்டு வீட்டுக்காரங்க வாசல் சும்மா கிடக்க உங்க வாசல் புல்லு மட்டும் காலைல வெள்ளையா உறைஞ்சு நிக்கும்.

ஆனா நீங்க முதல்ல பாக்க வேண்டியது குளிரை இல்ல, ஈரத்தை. உறைபனிக்கு முன்னாடி அக்டோபர், நவம்பர்ல வடகிழக்கு மழை வந்து சுவத்தை ஊற வச்சுட்டுப் போயிடும், ஊறின சுவரு அப்புறம் எத்தனை ஹீட்டர் போட்டாலும் சூடு பிடிக்காது. அதனால ஷீட்டுல ஆணி ஓட்டை, தண்ணி இறங்குற பைப்புல அடைப்பு, இதையெல்லாம் மழைக்கு முன்னாடியே ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லி சரி பண்ணிடுங்க (சொன்னா செய்வாரான்னு கேக்காதீங்க, அது தனிக் கேள்வி).

அடுத்து காத்து. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி கதவு, ஜன்னல் ஓரமா மெதுவா கொண்டு போங்க, புகை எங்க சட்டுனு வளையுதோ அங்கதான் சந்து. ஹார்டுவேர் கடைல ஒட்டுற ஃபோம் டேப் கிடைக்கும், கதவுக்கு அடியில பழைய சேலையைச் சுருட்டி வச்சாலே போதும். தகரக் கூரைக்குக் கீழ பலகை சீலிங் இருந்தா பாதி குளிர் குறையும், இல்லேன்னா விடிகாலைல தகரத்துல வேர்த்து சொட்டு சொட்டா மெத்தை மேலயே விழும். சில பேர் தெர்மாகோல் அடிக்கிறாங்க, சமையல்கட்டுல மட்டும் வேண்டாம், சட்டுனு தீப்பிடிச்சுக்கும். தரையில பாயை விரிச்சு அது மேல ஜமுக்காளம் போடுங்க. பகல்ல வெயில் இருக்கறப்ப ஜன்னலைத் தொறந்து வச்சு, வெயில் சாயுறதுக்குள்ள சாத்திடணும், இதைப் பண்ணாம இருபத்தி நாலு மணி நேரமும் பூட்டி வச்சா பீரோவுக்குள்ள துணி பூரா பூஞ்சை.

ஹீட்டர் வாங்குறதா இருந்தா 2000 வாட்ஸ் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் இழுக்கும்னு ஞாபகம் வச்சுக்கோங்க. 16 ஆம்ப்ஸ் பிளக்குல நேரா போடுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்க மாமியார் ராத்திரி கரியை நல்லா கனிய விட்டு சட்டியில அள்ளி ரூமுக்குள்ள வச்சுட்டு கதவைச் சாத்திப் படுக்குறாங்க. கேட்டா "புகையே இல்லையே, என்ன ஆகப் போகுது"ங்கிறாங்க. நான் சொன்னா கோவம் வருது.

பதில்: கோவம் வந்தா வரட்டும், இன்னைக்கே நிறுத்துங்க. புகை இல்லாததுதான் இதுல ஆபத்தே. கனிஞ்ச கரியில இருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு நிறமும் கிடையாது வாசமும் கிடையாது, ரத்தத்துல ஆக்ஸிஜன் ஒட்ட வேண்டிய இடத்துல அதைவிட 200 மடங்குக்கு மேல கெட்டியா இது போய் ஒட்டிக்கும். முதல்ல தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். குளிருக்கு இதமா தூக்கம் வருதுன்னு நினைச்சுட்டுப் படுக்குறவங்க எந்திரிக்கிறதே இல்ல, மலையில ரூமுக்குள்ள கரி மூட்டிட்டுப் படுத்து செத்துப் போறவங்களைப் பத்தி குளிர்காலத்துல நியூஸ் வரத்தான் செய்யுது. நெருப்பு வேணும்னா சிம்னி வச்ச கணப்புல மட்டும், அதுவும் சீசனுக்கு முன்னாடி குழாயைச் சுத்தம் பண்ணிட்டு. பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் மாட்டியிருந்தாலும் இதே கதைதான், அதை வெளிய மாத்துங்க. மாமியாருக்கு வெந்நீர் பேக் ஒண்ணு வாங்கிக் குடுங்க, படுக்குறதுக்கு அரை மணி முன்னாடி கம்பளிக்குள்ள வச்சா கரிச்சட்டியை அவங்களே மறந்துடுவாங்க.

கேள்வி: வாசல்ல இருக்கிற ரோஜா, பீன்ஸ் எல்லாம் போன வருஷம் கருகிடுச்சு. என்ன பண்ணலாம்?

பதில்: மேகம் இல்லாம, காத்து அசையாம இருக்கிற ராத்திரிதான் உறைபனி விழும். அன்னைக்கு சாயங்காலமே குச்சி நட்டு அது மேல சாக்கைப் போடுங்க, சாக்கு இலையில படக் கூடாது. மறந்துட்டீங்கன்னா வெயில் படுறதுக்கு முன்னாடி இலை மேல தண்ணி தெளிச்சு விடுங்க.

கேள்வி: இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது, கேஸ் வேற மெதுவா எரியுது?

பதில்: அரைக்கறப்ப வெந்தயம் கொஞ்சம் கூட சேத்து, வெதுவெதுப்பான தண்ணி இருக்கிற அண்டாவுக்குள்ள மாவுப் பாத்திரத்தை இறக்கி கம்பளி சுத்தி வைங்க, அப்பவும் காலைக்கு இல்ல மத்தியானத்துக்குத்தான் ஆகும். குளிர்ல சிலிண்டருக்குள்ள பிரஷர் குறையும், அதான் கேஸ் மெதுவா வருது. அதுக்காக சிலிண்டர் மேல கொதிக்கிற தண்ணி ஊத்துறது, பக்கத்துல அடுப்பு வைக்கிறதெல்லாம் பண்ணிடாதீங்க, வெயில் வந்த பிறகு சமையலை ஆரம்பிங்க.