கொழுந்து மலைக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

கூடலூரிலிருந்து இலங்கைக்கு வந்து, மலையகத்தில் அட்டன் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் உதவி மேலாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள். கூட்டம் நடத்தியும் மேற்பார்வையாளர்களைப் பழக்கியும் இதற்குள்ளேயே சோர்ந்துவிட்டேன், இங்கே எல்லோருக்கும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் கோத்தகிரிக்காரன்தான் தம்பி, இந்த மலையிலேயே தங்கிப்போனவன். உங்களைச் சோர வைப்பது வேலை மட்டுமில்லை. கூட்டத்தில் நீங்கள் ஒருவரே பேசுகிறீர்கள்.

பாஷை ஒன்றுதான், பழக்கம் வேறு. 1867-ல் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து துரை, அதாவது தோட்ட மேலாளர், சொல்வார், ஆட்களை மேய்க்கும் கங்காணி ஏவுவார், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்பவர்கள் கேட்டுக்கொண்டு மலைக்கு ஏறுவார்கள். 1992-ல் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகும் அது முழுதாக மாறவில்லை. "சரிங்க ஐயா" என்றால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மரியாதை. அரை மணியில் அதே விஷயத்துக்கு உங்கள் போன் அடிக்கும்.

காலைக் கூட்டத்தை நின்றபடியே பத்து நிமிடத்தில் முடியுங்கள். இரவு ஷிப்ட் பார்த்தவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில். நிறுவைக் கணக்கைப் போர்டில் எழுதினால் போதும், அதற்கு ஒரு கூட்டம் வேண்டாம்.

பழக்குவதை அறைக்குள் வைக்காதீர்கள். கொழுந்து வாடும் தட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு பிடி எடுத்து அழுத்தச் சொல்லுங்கள். கையை விரித்ததும் உருண்டை அப்படியே நின்றால் வாட்டம் போதும். விரிந்து எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும். "ரோலருக்கு (கொழுந்தை உருட்டும் இயந்திரத்துக்கு) அனுப்பலாமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். அவர் வாயால் முடிவு வந்த பிறகு, பெரிய நஷ்டம் வராதவரை அதை மாற்றாதீர்கள். நாலைந்து முறை இப்படி நடந்தால் இரவு அழைப்புகள் தானாகக் குறையும்.

குறையைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஒரே லயத்தில், வரிசை வீடுகளில், மாமனும் மச்சானுமாக இருப்பவர்கள். நாலு பேர் முன்னால் திட்டினால் அது வீடு வரை போகும், பிறகு அவர் வாயே திறக்கமாட்டார்.

இது வெறும் அலுப்பு என்று தள்ளிவிடாதீர்கள். ஓயாத களைப்பு, வேலைமேல் வெறுப்பு, என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம்: இந்த மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலையால் வரும் நிலை என்றே வகைப்படுத்தியது. போயா லீவில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், போனை அடுத்தவரிடம் ஒப்படையுங்கள், மேலாளரான பெரியதுரையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. தூக்கமே இல்லையென்றால் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.