சர்ஜன் வேரை விட்டுவிட்டாரா?

மதிப்பிற்குரிய டாக்டர்,

அம்மாவுக்கு 64 வயது. ஒரு வருஷம் முழங்கால் தேய்மானம் என்றே வைத்தியம் பார்த்தோம். கடைசியில் நெஞ்சுப் பகுதி தண்டுவடத்தில் மெனிஞ்சியோமா (மூளை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறையில் வளரும் கட்டி) என்று தெரிந்து, நாலு மாதம் முன்பு ஆபரேஷன் நடந்தது. இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சிம்ப்சன் கிரேடு 2' என்று போட்டிருக்கிறது. கிரேடு 1 என்றால்தான் வேரோடு எடுத்தது, 2 என்றால் 19 சதவீதம் திரும்ப வரும் என்று இணையத்தில் படித்தேன். மறுபடி திறந்து மிச்சத்தையும் எடுக்கச் சொல்லலாமா? அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

கே.

அன்புள்ள கே.,

மறுபடி திறக்கவெல்லாம் வேண்டாம்.

அந்த 19, டொனால்ட் சிம்ப்சன் என்ற மூளை சர்ஜன் 1957இல் எழுதிய கட்டுரையில் வருவது. அவர் கணக்கெடுத்தது மண்டைக்குள் வரும் மெனிஞ்சியோமாக்களை. கட்டியோடு அது ஒட்டியிருந்த உறையையும் வெட்டி எடுத்தால் கிரேடு 1. அதில் திரும்பி வந்தது 9 சதவீதம். கட்டியை முழுக்க எடுத்து, ஒட்டியிருந்த இடத்தைக் கரன்ட் வைத்துச் சுட்டால் கிரேடு 2, அதில் 19. எம்.ஆர்.ஐ. இல்லாத காலம் அது. தலைக்குப் போட்ட கணக்கை முதுகுக்கும் போட்டுப் பார்த்துத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள்.

மண்டையில் உறை எலும்போடு ஒட்டிக் கிடக்கும். கட்டி எலும்புக்குள்ளும் இறங்கிவிடும். முதுகில் இரண்டுக்கும் நடுவே கொழுப்பு இருக்கிறது. தண்டுவட மெனிஞ்சியோமாவை முழுதாக எடுத்தவர்களில் திரும்பி வருவது பல மருத்துவமனைகளின் கணக்கில் 10 சதவீதத்துக்குள்தான்.

ஆபரேஷனில் தண்டுவட உறையைத் திறந்து ஓரங்களை நூல் போட்டு இழுத்துக் கட்டியதும் கட்டி தெரியும். பல சமயம் நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். சுண்டுவிரல் பருமன் இருக்கவேண்டிய தண்டுவடம் அதன் பக்கத்தில் நாடா மாதிரி நசுங்கிக் கிடக்கும். சில கட்டிகளில் கத்தரி பட்டால் நறநறவென்று மணல் கடிக்கும், உள்ளே அத்தனை சுண்ணாம்பு மணிகள். முதலில் கட்டியைக் குடைந்து காலி செய்துவிட்டு, மீதி ஓடு போல இருப்பதைத் தண்டுவடத்திலிருந்து விலக்கி மடக்கி எடுப்போம். கட்டி பின்பக்கம் இருந்தால் உறையையும் வெட்டி ஒட்டுப் போடலாம். முன்பக்கம் இருந்தால் ஏற்கெனவே நசுங்கிய தண்டுவடத்தை நகர்த்தாமல் அது நடக்காது. தண்டுவட நீர் கசிகிற தொல்லை வேறு. அங்கே சுட்டுவிட்டு நிறுத்திக்கொண்டவரை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். முதல் ஆபரேஷனின் தழும்பு தண்டுவடத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் இரண்டாவது எப்போதுமே கஷ்டம்.

நீங்கள் பார்க்கவேண்டியது பயாப்ஸி ரிப்போர்ட்டை. அதிலும் ஒரு கிரேடு இருக்கும். சிம்ப்சன் கிரேடு சர்ஜன் எவ்வளவு எடுத்தார் என்பதற்கு, பயாப்ஸி கிரேடு கட்டியின் குணத்துக்கு. முதுகில் வருபவை பெரும்பாலும் 1. அப்படியென்றால் இப்போதைக்கு ரேடியேஷன் தேவையில்லை. 2 அல்லது 3 என்று இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பேச்சே வேறு.

ஆனால் ஐந்து வருஷம் ஸ்கேன் சுத்தமாக வந்தது என்று விட்டுவிடாதீர்கள். மெதுவாக வளரும் கட்டி இது. பத்து வருஷம் கழித்தும் திரும்பியிருக்கிறது. எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பது என்பதை உங்கள் சர்ஜன் சொல்லட்டும். ஸ்கேன் சீட்டில் நெஞ்சுப் பகுதி என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கால் மரத்துப்போகிறது என்றதும் இடுப்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டி எப்போதும் நாம் தேடும் இடத்துக்கு மேலேதான். 1887 ஜூனில் லண்டனில் சர்ஜன் விக்டர் ஹார்ஸ்லி முதல்முறையாகத் தண்டுவடக் கட்டி ஒன்றை எடுத்தபோதும் இதே கதைதான். நரம்பியல் மருத்துவர் வில்லியம் கோவர்ஸ் நோயைக் கண்டுசொல்ல, ஹார்ஸ்லி திறந்தார். கட்டியைக் காணோம். இன்னும் மேலே எலும்பை எடுத்த பிறகுதான் அகப்பட்டது. நோயாளி ஒரு ராணுவ கேப்டன். பிறகு எழுந்து நடந்தார்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கட்டி திரும்பினால் சில சமயம் ஸ்கேனுக்கு முன்பே அவருக்குத் தெரியலாம். நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியாமல் போகிறதா, கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா என்று நாங்கள் ஓ.பி.யில் கேட்போம். அந்த முழங்கால் வருஷத்தில் செருப்பு எத்தனை தடவை கழன்றது என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.