காய்க்கும் மிளகுக் கொடியின் தாங்கு மரம் பட்டுப்போனால்

கேள்வி: கொல்லிமலையில் எங்கள் தோட்டத்தில் கல்யாண முருங்கையில் ஏற்றிய 12 வயது மிளகுக் கொடி நன்றாகக் காய்க்கிறது. ஆனால் மரம் பட்டுப்போய், அடி உளுத்துச் சாய்கிறது. கொடியைப் பிரித்து வேறு மரத்தில் ஏற்றலாமா?

பதில்: தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஒரு கணுவைக் கிட்டத்தில் பாருங்கள்: பழுப்பு நிறப் பற்றுவேர்கள் தூரிகை மயிர் போல அடர்ந்து, பட்டையின் வெடிப்புகளுக்குள் இறங்கியிருக்கும். முதிர்ந்த தண்டை இழுத்தால் அவை அறுந்துவிடும். அறுந்த வேர் மறுபடி எதையும் பற்றாது, புதிதாக வளரும் தண்டின் கணுக்கள்தான் பற்றும். காய்ப்புக் கிளைகளும் கணுவோடு முறியும். எனவே கொடி இருக்கும் இடத்துக்குப் புதிய தாங்கியைக் கொண்டுவர வேண்டும்.

அறுவடை முடிந்ததும், மண் ஈரமின்றி இருக்கும்போதே, பட்ட மரத்தின் மேல்கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்து, தூரிலிருந்து இரண்டடி தள்ளிக் குழி எடுத்து ஒரு கான்கிரீட் தூணை நட்டு, மரத்தை அதனோடு கட்டுங்கள். மிளகின் வேர்கள் மேலாகவே ஓடுபவை. மழைக்காலத்தில் தோண்டி அவற்றைக் காயப்படுத்தினால் வாடல் நோய் எளிதில் நுழைந்துவிடும். கட்டும் கயிறு கொடியை நெரிக்காதபடி இடையில் சாக்குத் துண்டு வையுங்கள். வழுவழுப்பான தூணில் வேர் பிடிக்காது என்பதால், அதன்மேல் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அவ்வப்போது நனைத்து வாருங்கள். புதுத் தண்டுகள் தலைகாட்டியதும் ஒவ்வொன்றாகத் தூணில் சேர்த்துக் கட்டுங்கள்.

உயிருள்ள மரம்தான் வேண்டுமென்றால், தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கொடியின் மறுபுறம் ஆறடிப் போத்து (நடுவதற்காக வெட்டிய மரக்கிளை) ஒன்றை ஊன்றலாம். மரம் பட்டுப்போவதற்கு முன் தளிரும் இலைக்காம்பும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தனவா என்று நினைவுகூருங்கள். வீங்கியிருந்தால் அது முடிச்சுக் குளவியின் தாக்குதல். மீண்டும் கல்யாண முருங்கையை நடாமல் கிளைரிசிடியாவை நடுங்கள். சில்வர் ஓக் நாற்றும் நல்லதுதான், ஆனால் கொடியைத் தாங்கும் அளவு வளரச் சில ஆண்டுகள் ஆகும்.

அதற்குள் மரம் விழுந்துவிட்டால் பதற வேண்டாம். கொடியைத் தூக்காமல், மரத்தை மட்டும் துண்டு துண்டாக அறுத்து விடுவியுங்கள். பட்டையோடு ஒட்டிய பகுதியைப் பட்டையோடே விடுங்கள். இலையற்ற அடித்தண்டை வளைத்துத் தூரைச் சுற்றி மண்ணில் பதித்தால் கணுக்களில் வேர்விடும். முறிந்த இடங்களில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவுங்கள். அடுத்த பருவத்தில் காய்ப்பு குறையும், ஆனால் கொடி பிழைத்துக்கொள்ளும். முறிந்த காய்ப்புக் கிளைகளை வீசிவிடாமல் நிழலில் வேர்விடச் செய்தால், தாங்கியே தேவைப்படாத புதர் மிளகுச் செடிகள் கிடைக்கும்.